கத்திக்குப் பின் காவல்

(எமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்ணில் நோயென்றாற் கண் என்று சொல்லுகிறோம். வயிற்றில் நோயென்றால் வயிறு என்று சொல்லுகிறோம். விதையில் நோய் வந்தால் மாத்திரம் "அந்த இடத்தில்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளுகிறோம். சங்க மேடைக்கு இப்பொருள் தகுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வாலிபரைப் பீடிக்கும் நோயொன்று வாலிபர் சங்கத்திற் பேசத் தகாததாய் இருத்தல் கூடாது என்பது எமது எண்ணம். ஆதலால் இன்று விதை என்றே சொல்லுவோம்; பெரியோர் பொறுத்தருள்க.

விதைப் புற்றுநோய் அரிதாக வரும் நோய். மேல்நாடுகளில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவினது; ஆசிய மக்களிடையே அதனினும் குறைவு. ஆயினும் அது நாடும் வயதைப் பாருங்கள். மற்றைப் புற்றுநோய்கள் பெரும்பாலும் முதுமையை நாட, இது 15 வயதிற்கும் 40 வயதிற்கும் இடைப்பட்டவரை நாடுகிறது. பரீட்சை எழுதுபவன், முதற் சம்பளம் வாங்குபவன், கலியாணம் பேசப்படுபவன், இவர்களே அதன் இலக்கு. குழந்தைப் பருவத்தில் விதை கீழிறங்காதிருந்தவர்க்கும், தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்நோய் வந்திருப்பவர்க்கும் இது வருவதற்குரிய வாய்ப்புச் சற்று அதிகம். கிரிக்கெற் பந்து பட்டதால் இது வருவதில்லை. இளமையிற் செய்த "பிழை"களாலும் வருவதில்லை. பந்து பட்ட நோவிலே தடவிப் பார்க்கும்போது முன்பே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுவதுண்டு, அவ்வளவே.

கட்டி பெரும்பாலும் நோவதில்லை. நோகாத கட்டிக்கு எவன் வைத்தியரிடம் போவான்? அண்டவாதம் என்றும் ஓதம் என்றும் பெயரிட்டு எண்ணெய் பூசி மாதங்களைக் கழிப்பவர் உண்டு. வைத்தியரிடம் சென்றவனுக்கு விதைப்பையை ஸ்கான் செய்து, இரத்தம் சோதித்து, ஐயம் வலுத்தால் நோயுற்ற விதையைச் சத்திர சிகிச்சையால் அகற்றிவிடுவர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விதைப்பையைக் கீறுவதில்லை, அடிவயிற்றின் ஓரத்தில், தொடை தொடங்கும் இடத்திற்கு மேலே கீறி, விதையை அதன் நாணோடு மேலே இழுத்து எடுப்பர். விதையின் நிணநீர் ஒரு வழியாகவும் பையின் நிணநீர் வேறொரு வழியாகவும் செல்லுகின்றன. பையைக் கீறினால் நோய்க்கு நாமே புதுவழி திறந்துவிட்டதாகும். எடுத்த விதையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அது செமினோமா என்னும் வகையா, செமினோமா அல்லாத வகையா என்று தீர்மானிப்பர். நெஞ்சையும் வயிற்றையும் சீ.டீ. ஸ்கான் எடுத்துப் பார்ப்பர். வேறெங்கும் நோயில்லை, இரத்தமும் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது என்றால் அது முதலாம் நிலை.

இனித்தான் நமது பொருள் தொடங்குகிறது.

முதலாம் நிலை என்று கேட்ட வீட்டாரிற் சிலர், "எடுத்தாயிற்று, முடிந்தது" என்று நேர்த்திக்கடன் தீர்க்கப் புறப்படுவர். நேர்த்தி தீர்க்கட்டும், அதற்கு நாம் தடையல்லோம். வேறு சிலர், "மருந்து ஒன்றுந் தராமல் அனுப்பிவிட்டார்களே, ஏழைகள் என்று கைவிட்டார்களோ" என்று கலங்குவர். இருசாராரும் ஒன்றை அறியார். "மருந்து வேண்டாம், கண்காணிப்போம்" என்று வைத்தியர் சொல்லும்போது அவர் ஒரு சிகிச்சையை முடிக்கவில்லை, தொடங்குகிறார். அச்சிகிச்சையிற் பாதி அவர் கையில். மறுபாதி நோயாளியின் கையில்.

இந்தக் கண்காணிப்பு எவ்வாறு பிறந்தது என்பது கேட்கத்தக்க கதை. 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரையும், பரவிய விதைப் புற்றுநோய் உடையவர் பெரும்பாலும் இறந்துபோயினர். ஆகவே விதையை எடுத்த பின், ஒளிந்திருக்கக்கூடிய நோய்க்கு அஞ்சி, அனைவர்க்கும் அடுத்த சிகிச்சையையும் உடனே செய்தனர். சிலருக்கு வயிற்றைத் திறந்து முதுகெலும்பின் முன்னுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினர். சிலருக்கு அவ்விடத்திற் கதிர் பாய்ச்சினர். நோய் ஒளிந்திருந்ததோ சிலரிடத்தில், தண்டனை எல்லோர்க்கும்.

1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாணெற் ரோசன்பேர்க் என்னும் விஞ்ஞானி, மின்சாரம் பற்றீரியாக்களை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பற்றீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நூல்போல நீண்டன. காரணம் மின்சாரம் அன்று. மின்வாயாக வைத்த பிளாற்றினத்திலிருந்து உண்டான சேர்வையே என்று பின்னர் தெரிந்தது. சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து அவ்வாறு வந்தது. 1974இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்து லோறன்ஸ் ஐன்ஹோர்ன் அதனை வேறிரு மருந்துகளோடு சேர்த்து, பரவிய விதைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். சாவார் என்று எண்ணப்பட்டோர் எழுந்து நடந்தனர். 1978இல் அம்மருந்திற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

கிரிக்கெற் பித்தர்கள் நம்மிற் பலர் இருப்பதால் இதையும் சொல்லிவிடுவோம். 2011 மார்ச் 20ஆந் தேதி சென்னைச் சேப்பாக்கத்தில், உலகக் கிண்ணப் போட்டியில், வாந்தியெடுத்துக்கொண்டே மேற்கிந்திய அணிக்கு எதிராக 113 ஓட்டங்கள் பெற்றார் யுவராஜ் சிங். அத்தொடரின் நாயகனும் அவரே. பின்னர் நெஞ்சின் நடுவே, இரு நுரையீரல்களுக்கும் இடையிற் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அது விதையில் வந்ததன்று. எனினும் அதுவும் செமினோமாவே, ஒரே குலத்து நோய். 2012இல் அவர் சிகிச்சை பெறச் சென்றது அதே ஐன்ஹோர்னிடம். அவ்வாண்டு செப்டெம்பரில் அதே சேப்பாக்கத்தில் இந்திய அணிக்காக மறுபடியும் துடுப்பெடுத்தாடினார்.

நிற்க. பரவிய பின்னும் குணமாக்க வல்ல மருந்து கைக்கு வந்ததும், இலண்டன் ரோயல் மாஸ்டன் வைத்தியசாலையிலே மைக்கல் பெக்கம் என்னும் வைத்தியர் வேறொரு கேள்வி கேட்டார். திரும்பிவரும் நோயைக் குணமாக்க முடியுமென்றால், திரும்பாத பெருந்தொகையினரை ஏன் வருத்த வேண்டும்? விதையை எடுத்துவிட்டு, நெருங்கிக் கவனித்திருந்து, நோய் தலைகாட்டியவர்க்கு மாத்திரம் மருந்து கொடுத்தால் என்ன? 1979இல் அவ்வாறு தொடங்கி, 1982இல் லான்செற் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார். கண்காணிப்பின் துணிவு முழுவதும் சிஸ்பிளாற்றின் தந்த துணிவு. பின்னாலே படை நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான் காவற்காரன் வாயிலில் ஆயுதமின்றி நிற்கிறான்.

இன்றைய கணக்கு இது. செமினோமா முதலாம் நிலையுடைய நூறு பேரை எடுத்துக்கொண்டால் 80 முதல் 85 பேர் வரை விதையை அகற்றியதோடு குணமடைந்தவர்கள். செமினோமா அல்லாத வகையில் ஏறக்குறைய 70 பேர். ஆனால் இவ்வகையில் நோய்க் கலங்கள் இரத்தக் குழாய்க்குள்ளோ நிணக் குழாய்க்குள்ளோ புகுந்திருப்பது நுணுக்குக்காட்டியில் தெரிந்தால், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்பும். அத்தகையோர் சிலர் முன்கூட்டியே ஒரு சுற்று மருந்து ஏற்றிக்கொள்ளுவதும் நியாயமே. எவ்வழியைத் தேர்ந்தாலும் முதலாம் நிலையினரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பிழைக்கின்றனர். அப்படியானால் வழிகளுக்குள் வேறுபாடு எங்கே? பின்விளைவில். சிஸ்பிளாற்றின் காதின் கேள்வியையும் சிறுநீரகத்தையும் விரல் நுனியின் உணர்ச்சியையும் கெடுக்கக்கூடும். கதிர் பல ஆண்டுகளுக்குப் பின் வேறு புற்றுநோய்க்கு இடங்கொடுக்கக்கூடும். கணுக்களை அகற்றினால் விந்து வெளிவராமற் போவதுண்டு. இருபது வயதுக்காரன் இன்னும் ஐம்பதாண்டு வாழவேண்டியவன் அன்றோ?

எதைக் காவல் செய்கிறார்கள்? முதலாவது இரத்தம். ஏ.எப்.பி. என்று ஒரு புரதம் உண்டு. தாயின் வயிற்றிலிருக்கும் சிசு உண்டாக்குவது, வளர்ந்தவரிடம் மிகச் சொற்பமே இருப்பது. எச்.சி.ஜி. என்பது கர்ப்பிணியின் உடலில் ஊறுவது; கர்ப்பமா என்று பார்க்கும் சோதனை காட்டுவதும் இதனையே. ஆணின் இரத்தத்தில் இவை ஏறினால், கருவின் சாயலுடைய நோய்க் கலங்கள் எங்கோ இருக்கின்றன என்று பொருள் கொள்ள இடமுண்டு. எல்.டி.எச். என்பதையும் பார்ப்பர், அது வேறு பல காரணங்களாலும் ஏறும் ஆதலால் தனித்து நம்பத்தக்கதன்று. சத்திர சிகிச்சைக்குப் பின் ஏ.எப்.பி. ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும், எச்.சி.ஜி. ஒன்றிரண்டு நாளில் பாதியாக வேண்டும். இந்தக் கணக்கிற்கு இறங்காமல் நின்றால், விதை போனபின்னும் நோய் மிஞ்சியிருக்கிறது. இறங்கியது மறுபடி ஏறினால் நோய் திரும்புகிறது. ஆனால் தூய செமினோமா ஏ.எப்.பி.யை ஏற்றுவதே இல்லை, எச்.சி.ஜி.யையும் சிலரிடத்தே ஏற்றும். ஆகவே "இரத்தம் நல்லாயிருக்கு, ஸ்கான் எதற்கு?" என்று செமினோமாக்காரன் இருந்துவிடலாகாது. நோய் முதலில் திரும்பும் இடம் வயிற்றின் பின்புறத்துக் கணுக்கள். கையால் தடவித் தெரியும் இடமன்று அது. அதற்கே ஸ்கான். நுரையீரலுக்கு நெஞ்சுப் படம். இவற்றோடு வைத்தியர் தம் கையால், மிஞ்சிய விதையையும் வயிற்றையும் கழுத்தையும் சோதிப்பதும் சேரும்.

எத்தனை முறை என்பது நாட்டுக்கு நாடு சிறிது வேறுபடும். நோயாளி தன் வைத்தியர் எழுதிய தேதியையே பின்பற்ற வேண்டும். எனினும் தேதிகளின் பின்னாலுள்ள நியாயம் ஒன்றே. செமினோமா அல்லாதது திரும்புமானால் விரைந்து திரும்பும். பெரும்பகுதி முதலாம் ஆண்டிலேயே, ஏறக்குறைய முழுவதும் இரண்டாண்டுக்குள். ஆகையால் முதலாண்டில் இரண்டொரு மாதத்திற்கு ஒருமுறை கூட இரத்தம் எடுப்பார்கள். செமினோமா ஆறுதலாக வரும். பெரும்பாலும் மூன்றாண்டுக்குள், சிலரிடம் அதற்குப் பின்னும். ஸ்கான் அதிகமாயின் கதிரும் அதிகம் என்ற கவலை வைத்தியர்க்கும் உண்டு. பிரித்தானியாவில் முதலாம் நிலைச் செமினோமா உடைய 669 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. 6, 18, 36ஆம் மாதங்களில் மூன்று ஸ்கான் மட்டும் எடுத்தாலும், கதிரில்லாத எம்.ஆர்.ஐ.யைப் பயன்படுத்தினாலும் போதும் என்று அது காட்டிற்று. அவர்களுள் 82 பேருக்கு நோய் திரும்பியது. அந்நோயால் இறந்தவர் ஒருவருமிலர்.

அந்த 82 பேரும் பிழைத்தது, தேதிக்கு வந்தபடியால். மூன்றே ஸ்கான் என்றால், ஒன்றைத் தவறவிட்டவன் காவலில் மூன்றிலொரு பங்கைத் தவறவிட்டவன்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். கண்டி தேசிய வைத்தியசாலையிலே, எம்மவர் வாயில் இன்னும் பெரியாஸ்பத்திரிதான், புற்றுநோய்ப் பிரிவு உண்டு. பேராதனையிற் போதனா வைத்தியசாலை உண்டு. நாட்டின் முதன்மைப் புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்ஷா மகரகமவில் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். ஏட்டளவிற் குறை ஒன்றும் இல்லை. இனித் தெல்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு வாலிபன் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளினிக் வரிசையில் நிற்க அவன் விடியமுன் புறப்பட வேண்டும். அன்றைக்கு ஒரு "பேர்" போயிற்று. துணைக்கு வரும் தகப்பனுக்கும் ஒரு "பேர்" போயிற்று. அரசாங்க ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை தடைப்பட்டால் வெளியிலே பணங் கொடுத்துச் செய்ய நேரிடும். இலவச வைத்தியத்திற்கு இவ்வளவு செலவு உண்டு என்பதை நகரத்தில் இருக்கும் நாம் மறந்துவிடுகிறோம்.

மொழி மற்றொன்று. தாதியர்க்கும் பணியாளர்க்கும் பெரும்பாலும் சிங்களம், இவனுக்குத் தமிழ். தலையிடியை அரைகுறைச் சிங்களத்திற் சொல்லிவிடலாம். இதைச் சொல்ல முடியுமா? தாயையோ தமக்கையையோ நடுவில் வைத்து விதையைப் பற்றிக் கேள்வி கேட்டால் எந்த வாலிபன் வாய் திறப்பான்? "ஒண்டுமில்லை, சுகம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். அவன் சொல்லாமல் விட்டது இடுப்பு வலியாக இருக்கலாம். அவ்விடுப்பு வலி கணுக்கள் வீங்கியதனாலும் இருக்கலாம்.

இவற்றை யெல்லாம் விடப் பெரிய தடை சுகமே. நோயுள்ளவன் கிளினிக்குக்குப் போவான். சுகமானவன் ஏன் போக வேண்டும்? ஆறு மாதத்திற் புண் ஆறிப் பழையபடி ஓடியாடுகிறான். கொழும்பிற் கடையொன்றில் வேலை கிடைக்கிறது. முதலாளியிடம் மாதத்திற்கொரு நாள் லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வெட்கம். ஒரு தேதி தவறுகிறது. தவறவிட்டபின் டொக்டர் ஏசுவாரோ என்ற பயத்தில் அடுத்ததும் தவறுகிறது. இந்த இரண்டாந் தவறே கொடியது. தேதி தவறினாற் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளிலேயே போய் நிற்க வேண்டும். ஏச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவன் குற்றமில்லாமலுந் தேதி தவறும். 2022இல் எரிபொருள் இல்லாமற் பஸ்கள் நின்ற வாரங்களை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து வீதிகள் துண்டிக்கப்பட்டன. பெரஹரா நாட்களில் நகர வீதிகள் அடைபடுவது ஆண்டுதோறும் தெரிந்த சங்கதி. தேதி அந்நாட்களில் விழுந்தால் முன்கூட்டியே மாற்றிக் கேட்கலாம்.

சங்கம் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதிவைக்கலாம் என்று சொல்லத் தோன்றும், வேண்டாம். பட்டியல் என்றாற் பத்துப்பேர் பார்ப்பார்கள், பதினோராவது ஆள் பெண்வீட்டாராக இருப்பார். அவனுக்கு வேண்டியது சங்கம் அன்று; சிங்களம் பேசக்கூடிய, வாயடக்கமுள்ள, வைத்தியரின் அறைக்குள்ளும் கூடவரக்கூடிய ஒரே ஒரு நண்பன். பல்கலைக்கழகத்தில் மூன்று மொழியிலும் கற்கும் நம்மவர்க்கு இது பெரிய காரியமில்லை. வரிசையில் நிற்கும் நேரத்திற் படிக்கவும் செய்யலாம்.

பெண்வீட்டார் என்று சொன்னோம். பெரியோர் மனத்திலிருக்கும் கேள்வியும் அதுவே. ஒரு விதை உள்ளவன் கலியாணத்திற்குத் தகுமா? தகும். மற்ற விதை நன்றாயிருந்தால் ஆண்மைக்குரிய ஹோர்மோனும் பிள்ளைப் பேறும் பெரும்பாலும் குறைவுபடுவதில்லை. இந்நோய் வந்தவர் சிலருக்கு முன்பே விந்தணு குறைவாக இருப்பதுண்டு. அதைச் சோதித்து அறியலாம். நோய் திரும்பி மருந்து ஏற்ற நேர்ந்தால், ஏற்றுமுன் விந்தைச் சேமித்துவைக்க வழியுண்டா என்று கேட்பது நோயாளியின் உரிமை. வெட்கத்தாற் கேளாதிருந்துவிட்டால் பின் கேட்டுப் பயனில்லை. மறைத்துக் கலியாணம் செய்யலாமா என்றால் எமது தீர்ப்பு, ஆகாது என்பதே. மறைத்தவன் மனைவிக்குத் தெரியாமற் கிளினிக்குக்குப் போக வேண்டும். அப்படிப் போகிறவன் நெடுநாள் போகமாட்டான். தெரிந்தே மணந்தவள் தேதியை அவனைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பாள்.

நோய் திரும்பினாலும் அது கைவிடும் கட்டம் அன்று. கண்காணிப்பில் இருந்தபடியால் அது சிறிதாய் இருக்கும்போதே பிடிபடும். செமினோமா அல்லாததற்கு வழக்கமாகப் பிளியோமைசின், எற்றொபொசைட், சிஸ்பிளாற்றின் என்னும் மூன்றையுஞ் சேர்த்து மூன்று சுற்று, ஒன்பது வாரம். தலைமயிர் உதிரும், பின் முளைக்கும். பத்து மாதம் தலைமறைவாயிருந்துவிட்டு வருபவனுக்குச் சுற்றும் கூடும், அபாயமும் கூடும்.

மிஞ்சிய விதையையும் மறக்கலாகாது. ஒருபுறம் வந்தவருள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் மறுபுறமும், பல ஆண்டுகள் கழித்தேனும், வருவதுண்டு. மாதமொருமுறை சுடுநீரிற் குளித்தபின், பை தளர்ந்திருக்கும்போது, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் மெல்ல உருட்டிப் பார்த்தாற் போதும். பின்புறம் மெத்தென்ற நாண் போன்றது இயல்பானது. விதையின் மேலே கல்லுப்போல் ஏதும் தட்டுப்பட்டால் அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே போக வேண்டும். நோயே இல்லாத நண்பர்களும் இதைக் கற்றுக்கொள்வதில் நட்டமில்லை.

வெளிநாடு போகிறவர்க்கு ஒரு வார்த்தை. கட்டாருக்கோ துபாய்க்கோ கொரியாவுக்கோ புறப்படுமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். நோய் நிர்ணய அட்டை, விதையைச் சோதித்த அறிக்கை, கடைசி இரத்தச் சோதனையும் ஸ்கானும், இவற்றின் பிரதிகள் ஓர் உறையிற் கடவுச்சீட்டோடு இருக்கட்டும். போன் கமராவிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் எந்த வகை, குழாய்க்குள் புகுந்ததா இல்லையா என்று எழுதியிருக்கும் அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான் அங்குள்ள வைத்தியர் அடுத்த தேதியைக் குறிப்பார். இரத்தச் சோதனையைக் கூடியவரை ஒரே ஆய்வுகூடத்திற் செய்வதும் நல்லது. எண்ணை எண்ணோடு ஒப்பிட அது உதவும்.

இது எத்தனை காலம் என்றால், பொதுவாக ஐந்து ஆண்டுகள். சில வைத்தியர் பத்தாண்டு வரையும் வரச்சொல்வர். முதலாண்டில் அடிக்கடி, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் இடைவெளி விட்டு, பின்னர் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை. இருபத்திரண்டு வயதில் தொடங்கியவனுக்கு இருபத்தேழு வயதிற் பெரும்பாலும் முடிந்துவிடும்.